பல்கலைக்கழகங்களின் ஏற்பு விகிதம்: இந்த எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது, எதைச் சொல்கிறது?

கேள்வி: மயூர் விகாரிலிருந்து ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற வேண்டும் என்பது அவளது விருப்பம். இங்கே பொறியியலுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வுக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வுக்கும் தயாராகிறாள். கூடவே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சில பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறாள். அதற்காக ஓர் ஆலோசனை நிறுவனத்தை அணுகினோம். அவர்கள் பதினான்கு பல்கலைக்கழகங்களின் பெயர்களை ஒரு தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் அக்செப்டன்ஸ் ரேட், அதாவது ஏற்பு விகிதம் என்று ஒரு சதவீதத்தைக் குறித்து, அந்த எண்ணை மட்டுமே வைத்து ரீச் (எட்டுவது கடினம்), மேட்ச் (தகுதிக்கு ஏற்றது), சேஃப்டி என மூன்று பிரிவுகளாகப் பிரித்துத் தந்தார்கள். 40 சதவீதத்துக்கு மேல் உள்ளவை அனைத்தும் சேஃப்டி, அதாவது இடம் உறுதி என்றும், 10 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றில் ஆசை வைக்க வேண்டாம் என்றும் விளக்கினார்கள்.

அந்தத் தாளைக் கண்டதிலிருந்து என் மகள் சோர்ந்து போயிருக்கிறாள். "நூறு பேரில் மூன்று பேருக்குத்தான் இடம் என்றால், நான் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதே வீண்தானே அப்பா?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் கணக்குத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிபவன்; ஒரு தொகையைப் பார்த்தால் அது எந்த ஆண்டின் கணக்கு, எந்தத் தலைப்பில் வந்தது என்று கேட்டே பழகியவன். ஆனால் இந்தத் தாளில் உள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது, எல்லா இணையதளங்களிலும் இருக்கிறதே என்ற பதில்தான் கிடைத்தது. நானே தேடிப் பார்த்தபோது ஹார்வர்டுக்கு ஓரிடத்தில் 3 என்றும் வேறோர் இடத்தில் 4 என்றும் போட்டிருந்தார்கள். ஒரே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு எண்கள் எப்படி வரும்?

இந்த விகிதத்தை யார், எவற்றைக் கொண்டு கணக்கிடுகிறார்கள் என்பதையும், இதை ஒரு குறிப்பிட்ட மாணவியின் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்பதையும், விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். நம் டெல்லி பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இப்படி ஓர் எண்ணை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கும் காரணம் இருக்குமானால் அறிய விரும்புகிறேன்.

பதில்: கரோல் பாகிலிருந்து ஒரு புள்ளியியல் ஆசிரியர்

ஐயா, தங்கள் மகள் கேட்ட கேள்வியை என் வகுப்பிலும் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்கிறார். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஏற்பு விகிதம் என்பது, ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒரு பல்கலைக்கழகம் எத்தனை பேருக்கு இடம் தர முன்வந்து கடிதம் அனுப்பியதோ, அந்த எண்ணிக்கையை, வந்து சேர்ந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வது. பின்னத்தின் தொகுதியில் நிற்பவர்கள் கடிதம் பெற்றவர்கள். வகுப்பில் வந்து அமர்ந்தவர்கள் அல்லர். இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு மாணவர் எட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம் பெற்று ஒன்றில் சேரலாம். மீதி ஏழும் அவரைத் தங்கள் தொகுதியில் எண்ணிக்கொள்ளும்.

இதனால் விளைவதைப் பாருங்கள். இரண்டு கல்லூரிகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் 1,000 இடங்கள். இரண்டுக்கும் 10,000 விண்ணப்பங்கள். முதல் கல்லூரியில் கடிதம் பெறுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் வந்து சேர்வார் என்பது அவர்களது அனுபவம். ஆகவே 1,000 இடங்களை நிரப்ப 5,000 கடிதங்கள் அனுப்புகிறார்கள். ஏற்பு விகிதம் 50 சதவீதம். இரண்டாவது கல்லூரியில் இரண்டு பேரில் ஒருவர் வந்துவிடுவார். அவர்களுக்கு 2,000 கடிதங்கள் போதும். விகிதம் 20 சதவீதம். இடங்களும் ஒன்றே, விண்ணப்பங்களும் ஒன்றே. ஆயினும் ஆலோசனை நிறுவனத்தின் தாளில் ஒன்று சேஃப்டி என்றும் மற்றது மேட்ச் என்றும் வந்து நிற்கும். கடிதம் பெற்றவர்களில் சேர்பவர்களின் பங்கை அங்கே யீல்டு என்பார்கள். ஹார்வர்டில் இது 80 சதவீதத்துக்கு மேல். அங்கே ஏற்பு விகிதம் அவ்வளவு தாழ்ந்திருப்பதற்குப் போட்டி ஒரு காரணம். அழைத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வந்துவிடுவதால் அதிகக் கடிதங்கள் அனுப்பத் தேவையில்லை என்பது இன்னொரு காரணம்.

இனி, பகுதிக்கு வருவோம், அதாவது விண்ணப்பங்களின் எண்ணிக்கைக்கு. 2020ஆம் ஆண்டு சேர்க்கைக்கு ஹார்வர்டுக்கு வந்தவை 40,248 விண்ணப்பங்கள், இடம் பெற்றவர்கள் 1,980 பேர், விகிதம் 4.9 சதவீதம். கொரோனா காலத்தில், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண் கட்டாயமில்லை என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே விண்ணப்பங்கள் 57,435 ஆக உயர்ந்தன, இடம் பெற்றவர்கள் 1,968 பேர், விகிதம் 3.4 ஆக இறங்கியது. கடிதங்களில் குறைந்தவை பன்னிரண்டு மட்டுமே. முன்பு விண்ணப்பித்திருக்க மாட்டாத பதினேழாயிரம் பேர் வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களால் விகிதம் குறைந்தது. ஏற்கெனவே வலுவான தகுதியுடன் வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் வாய்ப்பு அதே அளவில் சரிந்துவிட்டது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது.

விண்ணப்பங்கள் பெருகுவதற்கு அமைப்பு சார்ந்த காரணங்களும் உண்டு. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தின் வழியே ஒருவர் இருபது பல்கலைக்கழகங்கள் வரை விண்ணப்பிக்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரே விண்ணப்பத்தில் ஒன்பது வளாகங்கள் வரை குறிக்கலாம். குறித்த ஒவ்வொரு வளாகமும் அதைத் தனக்கு வந்த ஒரு விண்ணப்பமாகக் கணக்கில் கொள்ளும். மாணவர்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, விண்ணப்பங்களின் எண்ணிக்கை மட்டும் இவ்வாறு பெருகும்; எல்லா இடங்களிலும் விகிதம் இறங்கும். குறைந்த விகிதம் என்பதே பெருமை என்று கருதப்பட்ட காலத்தில், விண்ணப்பங்களைக் கூட்டுவதற்காகவே பள்ளி மாணவர்களுக்கு மடல்மேல் மடல் அனுப்பிய பல்கலைக்கழகங்களும் இருந்தன. தரவரிசை வெளியிடும் யு.எஸ். நியூஸ் இதழ், 2018இல் ஏற்பு விகிதத்தைத் தன் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது. அதற்கு முன்பும் அதன் எடை ஒன்றேகால் சதவீதம்தான். மதிப்பிடுபவர்களே கைவிட்ட ஓர் எண்ணை வைத்து நம் பிள்ளைகளை மூன்று கூடைகளில் பிரிப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

யார் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பல்கலைக்கழகங்களே எண்களைத் தருகின்றன. அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர அமைப்பு, விண்ணப்பதாரர் என்றால் யார் என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது: பரிசீலனைக்கு வேண்டிய தேவைகளை நிறைவு செய்து, இடம் உண்டு, இல்லை, காத்திருப்போர் பட்டியல் என்ற முடிவுகளில் ஒன்றைப் பெற்றவர், அல்லது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றவர். பாதியில் விட்ட விண்ணப்பம் இதில் சேராது. ஆனால் பல்கலைக்கழகம் மார்ச் மாதத்தில் செய்திக்குறிப்பில் வெளியிடும் எண்ணும், காத்திருப்போர் பட்டியலிலிருந்து சிலரை எடுத்த பிறகு அரசுக்குத் தரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஹார்வர்டின் 3, 4 புதிருக்கு இன்னொரு எளிய விடையும் இருக்கக்கூடும். அங்கே 'கிளாஸ் ஆஃப் 2028' என்றால் 2028இல் பட்டம் பெறுபவர்கள், அதாவது 2024இல் சேர்ந்தவர்கள். தாங்கள் பார்த்த இரண்டு எண்களும் எந்தெந்த ஆண்டுக்கு உரியவை என்று சரிபாருங்கள்.

பகுதியை மாற்றினால் விகிதம் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். 2024இல் ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 17,740. இரண்டாம் கட்டத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டின் இரு தாள்களையும் எழுதியவர்கள் 1,80,200 பேர். அதைப் பகுதியாக வைத்தால் ஏறக்குறைய 10 சதவீதம். முதல் கட்டத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதிய சுமார் 14 லட்சம் பேரைப் பகுதியாக வைத்தால் ஒன்றேகால் சதவீதம். அட்வான்ஸ்டில் தகுதி பெற்ற 48,248 பேரை மட்டும் வைத்தால் 37 சதவீதம். மூன்றும் சரியான கணக்குகள்தான். பயிற்சி மையத்தின் விளம்பரத்தில் ஒன்றேகால் சதவீதம் வரும். பிள்ளைக்குத் தைரியம் சொல்லும் தாத்தா பத்து சதவீதத்தைச் சொல்வார்.

அடுத்தது, தங்கள் மகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. பல்கலைக்கழகம் முழுமைக்குமான விகிதம், அதன் துறைகளின் விகிதங்களை மறைத்துவிடும். புள்ளியியல் வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் ஒரு நிகழ்வு இருக்கிறது. 1973இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த 8,442 ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும், 4,321 பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. பெண்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகத் தோன்றியது. பீட்டர் பிக்கெல் உள்ளிட்ட மூவர் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்து, 1975இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான துறைகளில் அப்படியொரு பாகுபாடு காணப்படவில்லை. சில துறைகளில் பெண்களின் விகிதமே உயர்ந்திருந்தது. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்ததால், மொத்தக் கணக்கில் அவர்களது விகிதம் தாழ்ந்து தெரிந்தது.

இதை இன்றைய கணினி அறிவியலுக்குப் பொருத்திப் பாருங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா சாம்பெயின் வளாகத்துக்கு ஒட்டுமொத்த ஏற்பு விகிதம் 2023, 2024 சேர்க்கைகளில் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தது. தங்கள் தாளில் அது இருந்தால் நிச்சயம் சேஃப்டி பிரிவில்தான் இருக்கும். ஆனால் அங்கே கணினி அறிவியலுக்கு நேரடியாக விண்ணப்பிப்பவர்களில் இடம் பெறுபவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. அந்த 40 என்ற எண் தங்கள் மகளுக்குரியது அன்று.

கடைசியாக, நூறில் மூன்று என்பது ஒரு தனி மனிதரின் வாய்ப்பா என்ற கேள்வி. விண்ணப்பங்களைக் குடுவையில் போட்டுக் குலுக்கி மூன்றை எடுத்தால் மட்டுமே ஒவ்வொருவரின் வாய்ப்பும் 3 சதவீதமாக இருக்கும். சேர்க்கை அப்படி நடப்பதில்லை. அந்த நூறு பேரில் ஏறக்குறைய வாய்ப்பே இல்லாதவர்களும் இருக்கிறார்கள், மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்புள்ளவர்களும் இருக்கிறார்கள். 3 என்பது அவர்கள் எல்லோரின் சராசரி. தங்கள் மகள் அந்தச் சராசரிக்கு மேலே நிற்கிறாளா, கீழே நிற்கிறாளா என்பதை இந்த எண் ஒருபோதும் சொல்லாது.

பதில்: துவாரகாவிலிருந்து ஒரு தாய்

ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் மகனுக்காக இதே கணக்குகளோடு போராடியவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

எங்களுக்கு வழிகாட்டிய ஆலோசகர் ஒருவர், நவம்பரில் முன்கூட்டியே விண்ணப்பித்தால் ஏற்பு விகிதம் மும்மடங்கு ஆகிவிடும் என்று சொன்னார். சொன்ன எண் பொய்யன்று. ஆனால் எர்லி டிசிஷன் என்ற அந்த முறையில், இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக மாணவரும் பெற்றோரும் முன்பே கையெழுத்திட வேண்டும். வேறு இடங்களின் கட்டணத்தையும் உதவித்தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். அழைத்தால் வந்துவிடுவார்கள் என்ற உறுதி இருப்பதால்தான் பல்கலைக்கழகங்கள் அந்தச் சுற்றில் தாராளமாக இடம் தருகின்றன. மேலும், விளையாட்டு வீரர்களாக முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பலர் அந்தச் சுற்றில்தான் வருகிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டு நம் பிள்ளைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அந்த ஆலோசகர் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. 1,000 பேர் முன்கூட்டியே விண்ணப்பித்து 300 பேருக்கு இடமும், 9,000 பேர் பொதுச் சுற்றில் விண்ணப்பித்து 900 பேருக்கு இடமும் கிடைத்தால், தாளில் 12 சதவீதம் என்று வரும். அந்த 12 முதல் சுற்றுக்காரரின் எண்ணும் அன்று, இரண்டாம் சுற்றுக்காரரின் எண்ணும் அன்று.

வெளிநாட்டு மாணவர்களுக்கான விகிதத்தைத் தனியாகக் கேளுங்கள். எம்.ஐ.டி. அதைத் தனியே வெளியிடுகிறது: மொத்த விகிதம் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது, வெளிநாட்டவருக்கு அது சுமார் 2 சதவீதம்தான். நிதியுதவி வேண்டும் என்று குறிப்பிட்டால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதையும் சேர்க்கை முடிவில் கருத்தில் கொள்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சிலவே வெளிநாட்டு மாணவர்களுக்கும் குடும்ப வருமானத்தைப் பாராமல் முடிவெடுக்கின்றன. உதவித்தொகை கேட்கும் டெல்லிப் பிள்ளைக்கும், கட்டணம் முழுவதையும் தானே கட்டும் உள்ளூர்ப் பிள்ளைக்கும் ஒரே சதவீதத்தைக் காட்டுவது நியாயமே இல்லை.

இங்கிலாந்துக் கணக்கு வேறு. அங்கே யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் வழியே ஐந்து தெரிவுகள் வரை விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. ஐந்தே தெரிவுகள் என்பதால் மாணவர்கள் யோசித்துத்தான் விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பங்கள் வீணாகப் பெருகுவதில்லை. ஆக்ஸ்போர்டில் சுமார் 3,300 இடங்களுக்கு 23,000 பேர் அளவில் விண்ணப்பிக்கிறார்கள். அதை ஹார்வர்டின் சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஆக்ஸ்போர்டு நான்கு மடங்கு எளிது என்று எங்கள் உறவினர் ஒருவர் சொன்னார். அப்படிச் சொல்வது தவறு. இரண்டு வரிசைகளிலும் நிற்பவர்கள் வேறு.

சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. யூகாஸ் புள்ளிவிவரங்களில் 'அக்செப்டன்ஸ்' என்றால் கடைசியில் இடம் உறுதியாகிச் சேர்க்கப்பட்டவர்கள். கடிதம் பெற்றவர்களின் பங்குக்கு அங்கே 'ஆஃபர் ரேட்' என்று பெயர். அந்தக் கடிதங்களிலும் பல நிபந்தனைக்கு உட்பட்டவை. பன்னிரண்டாம் வகுப்பில் இத்தனை சதவீதம் பெற்றால்தான் இடம் என்று எழுதியிருக்கும். என் மகனுக்கு அப்படித்தான் வந்தது. மே மாதத்தில் சி.பி.எஸ்.இ. முடிவு வரும் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியான உறக்கம் இல்லை.

பதில்: வடக்கு வளாகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர்

டெல்லி பல்கலைக்கழகம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அங்குள்ள ஒரு கல்லூரியில் சேர்க்கைக் குழுவில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன்.

2021 வரை இருந்தது கட் ஆஃப் முறை. கல்லூரி ஒரு மதிப்பெண்ணை அறிவிக்கும். அதற்கு மேல் பெற்ற எவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்தாலும் இடம் தந்தே ஆக வேண்டும், இடங்கள் நிரம்பிவிட்டாலும்கூட. விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்குத்தானே தவிரத் தனித்தனிக் கல்லூரிகளுக்கு அன்று. ஆகவே எங்கள் கல்லூரிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்ற எண்ணே கிடையாது. பகுதி இல்லாத பின்னத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஆனால் ஆசிரியர் சொன்ன யீல்டு எங்களை ஆட்டி வைத்தது. எத்தனை பேர் வருவார்கள் என்ற ஊகம் தவறி, கட் ஆஃபைக் கால் சதவீதம் தாழ்த்தி வைத்துவிட்டால், அறுபது இடங்கள் உள்ள வகுப்பில் நூற்றைம்பது பேர் வந்து நிற்பார்கள். அந்த அச்சத்தால் முதல் பட்டியலை உயர்த்தியே வைப்போம். 2021இல் தேர்வு நடத்தாமலே சி.பி.எஸ்.இ. முடிவுகளை அறிவித்தபோது, 95 சதவீதத்துக்கு மேல் பெற்றவர்கள் எழுபதாயிரம் பேர். அந்த ஆண்டு இந்து கல்லூரியின் அரசியல் அறிவியல் உட்படச் சில படிப்புகளுக்கு முதல் கட் ஆஃப் 100 சதவீதமாக இருந்தது. 99 வாங்கிய பிள்ளைகள் அழுதுகொண்டே வளாகத்தில் நின்றதை நான் மறக்க முடியாது. 100 என்ற எண் அந்தப் பிள்ளைகளின் திறமையை அளந்து வந்ததன்று. வகுப்பறை கொள்ளாமல் போய்விடுமோ என்ற எங்கள் கவலையிலிருந்து வந்தது. அதை அவர்களிடம் விளக்கிச் சொல்ல அன்று எங்களுக்கு வாய்ப்பும் இல்லை, நேரமும் இல்லை.

2022 முதல் க்யூட் மதிப்பெண்ணைக் கொண்டு மையமாக இடம் ஒதுக்குகிறார்கள். மாணவர் தம் விருப்ப வரிசையில் கல்லூரியையும் படிப்பையும் குறிக்கிறார். ஒரு சுற்றில் அவருக்கு ஓர் இடம் மட்டுமே ஒதுக்கப்படும். ஒருவர் எட்டுக் கடிதங்களைக் கையில் வைத்திருக்கும் நிலை இங்கே எழாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வும், ஐ.ஐ.டி.களுக்கான ஜோசா ஒதுக்கீடும் இதே வகை. ஒருவர் நூறு தெரிவுகளைக் குறிக்கலாம் என்னும்போது, நூறாவது தெரிவாகத் தன்னைக் குறித்தவரையும் விண்ணப்பதாரராகக் கொண்டு ஒரு கல்லூரி ஏற்பு விகிதம் கணக்கிட்டால் அதற்குப் பொருளே இருக்காது. இங்கே பார்க்க வேண்டியது, சென்ற ஆண்டுகளில் அந்தப் படிப்பில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணோ தரவரிசை எண்ணோதான். ஜோசா தொடக்க, இறுதித் தரவரிசை எண்களைச் சுற்றுவாரியாகவும் பிரிவுவாரியாகவும் வெளியிடுகிறது. டெல்லி பல்கலைக்கழகமும் ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்தபட்ச மதிப்பெண்களை வெளியிடுகிறது. தங்கள் மகளின் எண்ணை அவற்றின் பக்கத்தில் நேரடியாக வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி ஹார்வர்டின் இரண்டு எண்களையும் தேடிச் சரிபார்த்தேன். 2023 மார்ச்சில் அவர்கள் அறிவித்தது, 56,937 விண்ணப்பங்களில் 1,942 பேருக்கு இடம், அதாவது 3.41 சதவீதம். 2024 மார்ச்சில் அறிவித்தது, 54,008 விண்ணப்பங்களில் 1,937 பேருக்கு இடம், அதாவது 3.59 சதவீதம். ஒரு தளம் முந்தைய ஆண்டின் எண்ணை 3 என்றும், மற்றொரு தளம் அடுத்த ஆண்டின் எண்ணை 4 என்றும் முழு எண்ணாக்கிப் போட்டிருக்கின்றன. இடம் பெற்றவர்கள் ஐந்து பேர் குறைந்த ஆண்டில் விகிதம் கூடியிருக்கிறது! என் அலுவலகத்தில் இப்படி ஆண்டைக் குறிக்காமல் ஓர் எண்ணை எழுதினால் தணிக்கையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆலோசனை நிறுவனத்திடம் மீண்டும் சென்று, சேஃப்டி என்று குறித்த ஐந்து பல்கலைக்கழகங்களிலும் கணினி அறிவியலுக்குத் தனி விகிதம் என்ன என்று கேட்டேன். மூன்றுக்கு அவர்களிடம் பதில் இல்லை. இரண்டை அவர்களாகவே அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் மகள் இப்போது தானே ஒரு நோட்டில் கட்டம் போட்டு, பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பு, வெளிநாட்டவர் விகிதம், உதவித்தொகைக் கொள்கை என்று எழுதத் தொடங்கியிருக்கிறாள். நான்கு நாட்களாகப் பேசாமல் இருந்தவள், நேற்று இரவு பெர்க்லி கணக்கைத் தன் தாயாருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். இனி ஒரே ஓர் ஐயம்: அவளுடைய வாய்ப்பு இந்த விகிதத்தில் இல்லை என்றால், அதை அறிய வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கரோல் பாக் புள்ளியியல் ஆசிரியர்

ஐயா, மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை காமன் டேட்டா செட் என்ற பெயரில் ஆண்டுதோறும் ஓர் ஆவணத்தை வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு இந்தச் சொற்களையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் 'சி' என்ற பகுதி முழுவதும் புதிய மாணவர் சேர்க்கை பற்றியது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற மூன்று எண்களும் அங்கே தனித்தனியே இருக்கும். யீல்டை மகளே கணக்கிட்டுவிடலாம். காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அதிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் இருக்கும். துவாரகா அம்மையார் குறிப்பிட்ட எர்லி டிசிஷன் எண்களையும் அங்கேயே தேடலாம்.

அவள் வாய்ப்பை அறிய உதவும் அட்டவணைகள் இரண்டு. பள்ளி மதிப்பெண், தேர்ந்தெடுத்த பாடங்களின் கடினம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பிற செயல்பாடுகள் ஆகியவற்றில் எதை மிக முக்கியமாகக் கருதுகிறோம், எதைக் கருதுவதே இல்லை என்று பல்கலைக்கழகமே குறித்துத் தரும் அட்டவணை ஒன்று. சேர்ந்த மாணவர்களின் எஸ்.ஏ.டி. மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, கீழ்க்கால், மேற்கால் எல்லைகளைத் தரும் அட்டவணை மற்றொன்று. மகளின் மதிப்பெண் மேற்கால் எல்லையைத் தாண்டியிருந்தால் அவள் அந்தச் சராசரிக்கு மேலே நிற்கிறாள் என்று ஓரளவு நம்பலாம். ஆனால் மதிப்பெண் கட்டாயமில்லாத பல்கலைக்கழகங்களில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் மட்டுமே அதைச் சமர்ப்பிக்கிறார்கள். அதனால் அந்த எல்லைகள் உண்மையைவிட உயர்ந்து தெரியும். எத்தனை சதவீதத்தினர் சமர்ப்பித்தார்கள் என்ற எண்ணும் அதே பக்கத்தில் இருக்கும். அதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

துறைவாரி விகிதத்தையும் வெளிநாட்டவர் விகிதத்தையும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அந்த ஆவணத்தில் தருவதில்லை. தராத இடங்களில் சேர்க்கை அலுவலகத்துக்கு அவளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்; என் மாணவர்கள் எழுதியபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெளிவான பதில் வந்தது. அவள் நோட்டில் போட்டிருக்கும் கட்டங்களுடன் ஆண்டுக்கும் ஒரு கட்டம் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.